ஓசூரில் ஒரு நொண்டி மாட்டைத் தேடி

கண் விழித்தபோது எனக்குப் பக்கவாதம் வந்திருந்தது.

பேருந்து ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகள் ஓடிக்கொண்டிருந்தன. எழுத்தெல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி உருண்டையாக, அழகாக இருந்தது. ஆனால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. மூளையில் அடைப்பு வந்தால் முதலில் எழுத்துதான் மறந்துபோகும் என்று எங்கோ படித்திருந்தேன். சிரித்துப் பார்க்க வேண்டும், வாய் கோணுகிறதா என்று தெரியும். இரண்டு கைகளையும் தூக்கிப் பார்க்க வேண்டும், ஒன்று கீழே இறங்குகிறதா என்று தெரியும். பக்கத்தில் ரோஜாக் கட்டுகளை மடியில் வைத்திருந்த பூ வியாபாரியைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். இரண்டு கைகளையும் தூக்கினேன். பிறகு என் பெயரைத் தெளிவாகச் சொன்னேன்.

அவர் ரோஜாக்களை மெதுவாக அந்தப் பக்கத் தொடைக்கு மாற்றினார்.

"எழுத்து தெரியலைங்க" என்றேன்.

"எப்பிடித் தெரியும்? அது கன்னடம். ஓசூரு எப்பவோ போயிடுச்சு. இது அத்திப்பள்ளி."

பக்கவாதம் இறங்கிப் போனது. அதன் இடத்தில் கர்நாடகம் வந்திருந்தது. நான் மதுரைக்காரன். எங்கள் ஊரில் தூங்கிப்போனால் அதிகபட்சம் திருமங்கலத்தில் இறக்கிவிடுவார்கள். இங்கே ஒரு குட்டித் தூக்கத்தில் மாநிலமே மாறிவிடுகிறது.

அத்திப்பள்ளியில் இறங்கி, பதற்றம் தணிய இட்லி சாப்பிட்டேன். சாம்பார் இனித்தது. பாயசத்தில் முருங்கைக்காய் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, பாவம் புதுக் கடை போல என்று மன்னித்துவிட்டேன். திரும்ப ஓசூருக்கு ஒரு கம்பெனிப் பேருந்தில் கெஞ்சி ஏறினேன். உள்ளே ஷிஃப்ட் முடிந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் சுவெட்டர். மதுரையில் சுவெட்டர் என்பது கொடைக்கானல் போய்வந்ததற்குச் சாட்சி. இங்கே அது சட்டை.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சிறிய பதிப்பகத்தில் புத்தகம் திருத்துகிறவன். குழந்தைகளுக்காக எழுதப்பட்ட 'இடத்து மாடு' என்ற நாவலை நாங்கள் மறுபதிப்புப் போட நினைத்தோம். வண்டியில் இடப்பக்கம் பூட்டுகிற காளை தன் கதையைத் தானே சொல்லும் நாவல். எங்கள் தலைமுறையில் அதைப் படித்து அழாதவர்கள் படிக்காதவர்கள்தான். புத்தகம் பல வருடங்களாகக் கடையில் இல்லை. எழுதிய வேதவல்லி அம்மாள் ஓசூரில் தன் அண்ணன் மகன் வீட்டில் இருக்கிறார். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் போனவர். கேட்ட பதிப்பகங்களுக்கெல்லாம் முடியாது என்று சொல்லி அனுப்பியவர். அவர் வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு வராவிட்டால், என் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார் என்று முதலாளி அன்பாகச் சொல்லியிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு வேறு தொழில் தெரியாது. எழுத்துப்பிழை பார்க்கத் தெரிந்தவனை எந்தத் தொழிற்பேட்டையிலும் எடுப்பதில்லை.

வெறுங்கையோடு போகவில்லை. ஓவியர் வரைந்த புது அட்டைப்படம் இருந்தது: முன்னங்காலில் கட்டுப் போட்ட காளை, பின்னால் மங்கலாக ஒரு சக்கர நாற்காலி. நான் எழுதிய முன்னுரையும் இருந்தது. தலைப்பு, 'நொண்டும் காளையும் நொண்டாத நம்பிக்கையும்'. எழுதி முடித்த அன்று நானே படித்துக் கண் கலங்கினேன்.

வீட்டு வாசலில் படிக்கட்டு இல்லை. சிமெண்டில் சரிவாகப் பாதை போட்டிருந்தார்கள். அண்ணன் மகன் முருகேசன் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். அவர் மனைவி சுமதிக்கு ஒரு கம்பெனியில் வேலை. வேதவல்லி அம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அட்டைப்படத்தைக் காட்டினேன். முன்னுரையை நானே ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முடித்ததும் கேட்டார். "சார், மாடு எங்க நொண்டுது?"

"அதாம்மா... அந்த மேட்டுல..."

"எந்தப் பக்கத்துல?"

பழைய பிரதி பையில் இருந்தது. புரட்டினேன். மேடு வந்தது. ஜோடி மாடு, வலப்பக்கத்துக் காளை, காய்ச்சலோடு வண்டி இழுத்து விழுந்து சாகிற இடம். எல்லோரும் அழுகிற இடம். இடத்து மாடு நான்கு காலிலும் நன்றாக நின்றுகொண்டிருந்தது. முன்னால் போனேன். சந்தை, மழை, ஆற்று மணல். எங்கேயும் நொண்டவில்லை. காது வேர்த்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். அது மட்டும் நொண்டியது.

"சுமதி, சாருக்குத் தண்ணி குடு. மாட்டைத் தொலைச்சிட்டாரு."

"அம்மா, நல்லா ஞாபகம் இருக்கு... நொண்டும்..."

"புஸ்தகத்துக்குப் பின்னாடி என் போட்டோ போட்டிருந்தாங்க, நாற்காலியோட. அதைப் பார்த்துட்டு எல்லாரும் மாட்டை நொண்ட வெச்சிட்டீங்க. வந்தவனெல்லாம் அதையேதான் சொன்னான். என் மாட்டுக்குக் காலு நல்லா இருக்குது சார். அதை முடமாக்கித்தான் விக்கணும்னா என்னாத்துக்கு அந்தப் புஸ்தகம்? கெடக்கட்டும்."

எழுந்தேன். நாற்காலி போய்விட்டது என்ற நினைப்பிலேயே வாசலுக்கு வந்தேன். படி இருக்கும் என்று கால் தானாக இறங்கியது. படி இல்லை. சரிவுதான் இருந்தது. காலை மடக்கி, முன்னுரையைப் பரப்பி, அதன் மேல் விழுந்தேன்.

"அந்தப் பாதையில விழுந்த மொத ஆளு நீங்கதான்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதில் மகிழ்ச்சி இருந்ததை மறைக்க அவர் முயலவே இல்லை.

கால் உடைந்துவிட்டது, எலும்பு ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தேன். அம்மாளின் பழைய சக்கர நாற்காலியில் என்னை ஏற்றிச் சுமதி கிளினிக்குக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கேதான் முதல் அதிசயம் நடந்தது. மருத்துவர் என் காலை அழுத்திக்கொண்டே சுமதியிடம் கேட்டார்.

"இவருக்கு சுகர் இருக்கா?"

"எனக்கு எப்பிடி சார் தெரியும்? இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"பிரஷர் மாத்திரை எடுக்கறாரா?"

"எடுக்கறேன் டாக்டர்" என்றேன் நான்.

மருத்துவர் சுமதியைப் பார்த்து, "எடுக்கறாராம்" என்று எழுதிக்கொண்டார். ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறது, காலை ஊன்ற விடாதீர்கள் என்று அவரிடமே சொன்னார். நர்ஸ் வந்து, "சாப்பிட்டாரா?" என்று கேட்டார். சுமதி பொறுமை இழந்து, "சாப்பிட்டீங்களா சார்?" என்று என்னைக் கேட்டார். நான் நன்றியில் அழுதுவிட்டேன். வலி என்று நினைத்து ஊசி போட்டார்கள்.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். களியும் கீரைக் குழம்பும். களியை மென்றேன். மென்றால் வேலைக்கு ஆகாது, விழுங்க வேண்டும் என்று முருகேசன் செய்து காட்டினார். தொண்டையில் ஒரு பந்து இறங்கும்போதெல்லாம் நாடியைப் பிடித்துக்கொண்டேன். அம்மாள் என் நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நாளைக்குக் குந்தாரப்பள்ளி சந்தை. முருகேசன் ஒரு லோடு எடுக்கப் போறான். நானும் போறேன். நீங்களும் வாங்க."

"கால் இப்படி இருக்கே அம்மா."

"கால் நல்லா இருந்தா நான் ஏன் கூப்பிடறேன்?"

மறுநாள் முருகேசனின் குட்டி யானையில், டெம்போவைத்தான் சொல்கிறேன், பின்பக்கம் இரண்டு சக்கர நாற்காலிகளையும் கயிறு போட்டுக் கட்டினார்கள். நெடுஞ்சாலையில் என் உடம்பில் தனித்தனியாக இருந்த உறுப்புகள் எல்லாம் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன. ஒரு இடத்தில் போலீஸ் மறித்தது.

"என்ன லோடு?"

"ரெண்டு எழுத்தாளருங்க சார்."

காவலர் பின்னால் வந்து எங்களை எட்டிப் பார்த்தார். "பில் இருக்கா?"

நாங்கள் பதில் சொல்வதற்குள் முருகேசனிடம் திரும்பிவிட்டார். "சரி, மெதுவா போ."

குந்தாரப்பள்ளி சந்தையில் தமிழில் விலை சொன்னால் தெலுங்கில் குறைக்கிறார்கள். கன்னடத்தில் கோபித்துக்கொண்டு போய், தமிழில் திரும்பி வருகிறார்கள். மதுரையில் மாட்டுத்தாவணி என்றால் பேருந்து நிலையம்தான். நான் மாட்டை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்தது பால் பாக்கெட்டின் மேல்தான்.

அம்மாளுக்குப் பழகிய இடம். கடந்துபோன ஒரு பெரியவர் நின்றார். முருகேசனிடம், "அத்தை நல்லா இருக்குதா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன் பெருமாளு" என்றார் அத்தை.

"சரிப்பா. கேட்டேன்னு சொல்லு" என்று முருகேசனிடம் சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விட்டார்.

என்னை ஒரு புளியமரத்தோரம் நிறுத்தினார்கள். அம்மாள் எதிர்ப்பக்கம். முருகேசன் போண்டா வாங்கப் போனார். மத்தூர்க்காரர் ஒருவர் வெள்ளைக் காளையோடு வந்தார். ஒரு கையில் டீ, ஒரு கையில் கயிறு, பீடிக்குக் கை இல்லை. சுற்றிப் பார்த்தார். என்னைக் கேட்கவில்லை. கயிற்றை என் நாற்காலிக் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார்.

காளை என்னை முகர்ந்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டு நடந்தது. நானும் நடந்தேன், உட்கார்ந்தபடியே. "ஐயா! ஐயா!" என்று கத்தினேன். சந்தையில் யாரும் திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் வேதவல்லி அம்மாள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். காளை நின்றது. என் கழுத்தில் சூடாக மூச்சு விட்டது. வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தரகர் வந்தார். மத்தூர்க்காரர் குரலைத் தாழ்த்தினார். ஆனால் என் காதுக்கு மேலேயே தாழ்த்தினார்.

"இது பாதி கொல்லை உழுதா படுத்துக்கும்பா. வண்டியிலயும் படுத்துக்கும். வாலை முறுக்கினாலும் எழாது."

"வாயை மூடு. யாராச்சும் கேக்கப் போறாங்க."

இரண்டு பேரும் சுற்றிலும் பார்த்தார்கள். என்னையும் பார்த்தார்கள். காளையையும் பார்த்தார்கள்.

"யாரும் இல்ல" என்றார் தரகர்.

சற்று நேரத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். நல்ல மனிதர். காளையின் வாயைத் திறந்து பல் பார்த்தார். முதுகில் தடவிச் சுழி பார்த்தார். முடிச்சுழி கெட்ட இடத்தில் இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று இங்கே மாட்டைத் தொடமாட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. முகம் மலர்ந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"ஐயா, இது படுக்கிற மாடு. வாங்காதீங்க."

விவசாயி என்னைப் பார்க்கவில்லை. போண்டாவோடு வந்து என் நாற்காலியைப் பிடித்து நின்ற முருகேசனைப் பார்த்தார். "என்னாங்க சொல்றாரு?"

முருகேசன் வாய் நிறைய போண்டா. தரகர் முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லீங்க. பாவம், வெய்யில்ல உக்காந்திருக்காரு. நிழலுக்குத் தள்ளுப்பா."

முருகேசன் கயிற்றை அவிழ்த்துவிட்டு என்னை நிழலுக்குத் தள்ளினார்!

"அதுதாங்க கேட்டாரா?" என்று விவசாயி இரக்கத்தோடு தலையசைத்தார். நான் மறுபடியும் கத்தினேன். யாரோ ஒரு அம்மா என் மடியில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். வியாபாரம் முடிந்தது.

காளை நன்றாகத்தான் நடந்து போனது. நெடுஞ்சாலையோரம் நின்ற லாரிக்குப் பத்தடி இருக்கும்போது, நடுப்பாதையில், கல்யாண வீட்டில் பாய் விரித்த மாதிரி அடக்கமாக முன்னங்கால்களை மடக்கிப் படுத்துவிட்டது. வாலை முறுக்கினார்கள். தூக்கினார்கள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. காளை அசைபோட்டது. தரகரைத் தேடினார்கள். சற்று முன் அவருக்கு நான் இல்லாதது போல, இப்போது அவர் யாருக்கும் இல்லை.

விவசாயி மூச்சிரைக்க ஓடிவந்தார். நேராக என்னிடம்தான் வந்தார். என்னைச் சுட்டிக்காட்டினார். முருகேசனைக் கேட்டார்.

"இவருக்கு எப்பிடிங்க தெரிஞ்சுது?"

மத்தூர்க்காரரை முருகேசன் டீக்கடைக்குப் பின்னால் கண்டுபிடித்தார். சத்தம் மூன்று மொழிகளிலும் நடந்து, கடைசியில் காளை அவரிடமே திரும்பியது. நான் வாழைப்பழத்தை உரித்தேன். அம்மாள் சக்கரத்தை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாதி குடு" என்றார். கொடுத்தேன். முதல் முறையாக 'சார்' போயிருந்தது.

"எங்கண்ணன் இதே சந்தைக்குத் தக்காளி ஏத்திட்டு வருவான். என்னை வீட்ல விட ஆளில்ல, பள்ளிக்கூடத்துல சேத்துக்கல. வண்டியிலயே உக்கார வெச்சிட்டு வேலையைப் பாக்கப் போயிடுவான். மாட்டுக்குக் காவல் நானு, எனக்குக் காவல் மாடு. ஆளுங்க வந்து நின்னு எல்லாம் பேசுவாங்க. எங்கண்ணனை எப்பிடி ஏமாத்தறதுன்னுகூட எம்முன்னாடியே பேசுவாங்க."

"அண்ணன்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"சொல்லுவேன். 'உக்காந்த எடத்துல உனக்கு என்னா தெரியும்'பான். வலத்து மாட்டுக்குக் காய்ச்சல் வந்துச்சு. பக்கத்துலயே உக்காந்திருக்கறவளுக்குத் தெரியாதா? காது சுடுது, அசைபோடல. பூட்டாதண்ணான்னேன். அம்மாகிட்ட சொன்னேன். எதிர்ல வந்தவங்ககிட்டல்லாம் சொன்னேன். பாவம், புள்ளைக்கு வண்டியில ஏற பயம்னாங்க. மேட்டுல விழுந்துச்சு."

சந்தை இரைந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பாக எதுவும் தோன்றவில்லை. இது எனக்கு அபூர்வம்.

"நான் சொன்னப்ப ஒருத்தரும் கேக்கல தம்பி. மாடு சொல்லுதுன்னு எழுதினேன். ஊரே கேட்டு அழுதுச்சு." வாழைப்பழத் தோலைக் கீழே போட்டார். இன்னொரு மாடு வந்து அதைத் தின்றது. "இப்ப சொல்லு. என் மாடு எங்க நொண்டுது?"

"எங்கேயும் இல்லம்மா."

"ஹூம்" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் அம்மாள் அட்டைப்படத்தை மேசையில் விரித்து, சுமதியின் பேனாவை வாங்கி, காளையின் காலில் இருந்த கட்டைக் கறுப்பாக அடித்தார். பின்னால் இருந்த சக்கர நாற்காலியையும் அடித்தார். காளையின் காதை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினார். முன்னுரையில் கீரைத் தண்டைச் சுற்றி வைத்துவிட்டார். அதற்கு அதைவிட நல்ல உபயோகம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

"காலு நாலும் நல்லா இருக்கணும். என் போட்டோ வேண்டாம். 'தன்னம்பிக்கை'ன்னு ஒரு வார்த்தை வந்தா கேசு போடுவேன். இதுக்கெல்லாம் உங்க மொதலாளி ஒத்துக்கிட்டா, சரி."

'சரி' கிடைத்துவிட்டது, ஆனால் நிபந்தனைக் கொம்புகளோடு. அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டேன். நான் முடிப்பதற்குள் அவர் வெடித்தார்.

"நாற்காலி இல்லாம எப்படிய்யா விக்கும்? நொண்டறதுதானய்யா கதையே! படிச்சு ஒரு வாரம் சாப்பிடல நான், தெரியுமா?"

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு வலி வரும். அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கத்துல நொண்டுதுன்னு பார்த்துச் சொல்லுங்க சார். அதையே அட்டையில போட்டுடலாம்" என்றேன்.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். அலமாரி திறக்கும் சத்தம். பிறகு காகிதம் புரளும் சத்தம். வைத்துவிட்டேன்.

முருகேசன் ஒரு ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்துப் பேருந்தில் ஏற்றிவிட்டார். பக்கத்து இருக்கையில் ஒரு கிருஷ்ணகிரிக்காரர், மடியில் மாம்பழக் கூடை. இந்த முறை தூங்கக் கூடாது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெளியே பலகைகள் எல்லாம் தமிழில் ஓடின. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து உறுதி செய்துகொண்டேன்.

சூளகிரி தாண்டியதும் போன் அடித்தது. முதலாளி. குரல் கம்மியிருந்தது.

"முழுசாப் படிச்சிட்டேன்யா."

"சரிங்க சார்."

"ஒரு எடத்துலகூட நொண்டலையே."

"இல்லைங்க சார்."

"அது எல்லார்கிட்டயும் சொல்லுதுய்யா, பூட்டாதீங்கன்னு. ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல." மூக்கை உறிஞ்சினார். "அந்தம்மா சொல்றபடியே போடு. காதைப் பெரிசாவே போடச் சொல்லு."

என் வேலை பிழைத்தது. அந்த நிமிடம் அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. நடத்துநர் வந்தார். என் ஊன்றுகோலைப் பார்த்தார், காலில் இருந்த கட்டைப் பார்த்தார், பிறகு மாம்பழக்காரரைக் கேட்டார்.

"இவரு எங்க எறங்கணும்?"

மாம்பழக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொகத்தைப் பார்த்தா சேலம் மாதிரி இருக்குது" என்றார்.

நான் காதை மட்டும் ஆட்டினேன்.